க்ரூன்லோ முற்றுகைத் திருவிழா: யாருக்குக் கை தட்டுவது?

எய்ந்தோவன்வாசி எழுதியது:

வணக்கம். ஐரோப்பாவில் கோட்டை, போர்க்களம் என்று சுற்றுகிறவர்கள் இங்கே சிலர் இருப்பதால் இதைப் போடுகிறேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை க்ரூன்லோ போயிருந்தேன். நெதர்லாந்தின் கிழக்குக் கோடியில், ஜெர்மன் எல்லையை ஒட்டி, கெல்டர்லாந்து மாகாணத்தில் இருக்கிற சின்ன ஊர். பெயர் தெரியாவிட்டாலும் அந்த ஊர்ச் சரக்கு பலருக்குத் தெரிந்திருக்கும். மூடியைக் கம்பியால் அழுத்திப் பூட்டிய பச்சை போத்தலில் வரும் க்ரோல்ஷ் பீர் அங்கே பிறந்ததுதான். க்ரூன்லோவின் பழைய பெயர் க்ரோல். க்ரோல்ஷ் என்றால் க்ரோல்காரன்.

1627இல் அந்த ஊரை டச்சுப் படை முற்றுகையிட்டு ஸ்பானியர்களிடமிருந்து பிடித்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த முற்றுகையை ஊரே சேர்ந்து திரும்ப நடத்திக் காட்டுகிறது. 'ஸ்லாக் ஓம் க்ரோல' என்று பெயர், க்ரோலுக்கான சண்டை.

சுட்ஃபனில் ரயில் மாறி, லிக்டன்ஃபோர்டே-க்ரூன்லோ என்ற நிலையத்தில் இறங்கினேன். பெயரில்தான் க்ரூன்லோ இருக்கிறது, ஊர் இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி. பஸ்ஸுக்கு நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன். பாதி வழியில் மழை.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் வந்தது வாசனை. விறகுப் புகையும் நனைந்த வைக்கோலும். கல் பாவிய தெருவில் வைக்கோலைக் கொட்டி வைத்திருந்தார்கள். கடைப் பலகைகள்மேல் மரச்சட்டம். பணம் எடுக்கும் இயந்திரத்துக்கும் கோணிச்சாக்கு போர்த்திவிட்டிருந்தார்கள். நடுவில் கிழித்த ஓட்டை வழியாகக் கையை விட்டுப் பணம் எடுத்தேன், பசு மாட்டிடம் பால் கறக்கிற மாதிரி. கூடை முடைகிறவர், கயிறு திரிக்கிறவர், வாத்துகளை ஓட்டிக்கொண்டு போகிற பாட்டி, வெள்ளைத் துணிக் குல்லாய் போட்ட பள்ளிப் பிள்ளைகள். இவர்களில் பாதிப் பேர் வெளியிலிருந்து வந்த வேடதாரிகள் இல்லை, அந்த ஊர்க்காரர்களே. துணியெல்லாம் வீட்டில் தைத்ததாம்.

மதியம் சண்டை. கயிறு கட்டி, அதற்கு இந்தப் பக்கம் நாங்கள். என் முன்னால் பத்தடியில் துப்பாக்கிக்காரர்கள் வரிசை. அந்தக் காலத்து மஸ்கெட்டில் விசையை அழுத்தினால் பொறி பறக்காது. கையில் புகைந்துகொண்டே இருக்கும் திரிதான் மருந்தைப் பற்றவைக்க வேண்டும். மழையில் ஒருவருடைய திரி அணைந்துவிட்டது. அவர் பதறவில்லை. பக்கத்து ஆளிடம் திரியை நீட்டினார். அவர் தன் திரியின் கங்கை அதன்மேல் ஒட்டிவைத்து மெல்ல ஊதினார். நம்மூர் டீக்கடை வாசலில் பீடிக்குப் பீடி பற்றவைப்பார்களே, அச்சு அசல் அதேதான். அடுத்த நிமிடம் 'ஃபூர்!' என்று ஒரு கத்தல், மொத்த வரிசையும் வெடித்தது. வெண்புகை மேலே போகாமல் எங்கள் முகத்துக்கே வந்தது. அரை நிமிடத்துக்கு யாரையும் காணோம்.

எனக்குக் குழப்பமாகிவிட்ட விஷயம் ஒன்று உண்டு. டச்சு மண்ணில் டச்சுப் படை ஜெயிக்கிறது. ஆனால் கூட்டம் ஸ்பானியர்களுக்கும் அதே அளவு கை தட்டியது. ஒரு சீட்டி, ஒரு ஏச்சு கிடையாது. யாருக்காக நிற்கிறார்கள் இவர்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டைக்கிறுக்கு எழுதியது:

அடடா, எனக்கு எத்தனை வருஷ ஆசை இது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு வரைபடம் பார்த்தே காலம் போகிறது.

கை தட்டல் விஷயத்துக்கு வருகிறேன். எண்பதாண்டுப் போர் என்று பெயர், 1568 முதல் 1648 வரை. ஸ்பெயின் மன்னருக்கு எதிராக நெதர்லாந்து மாகாணங்கள் எழுந்தன. பாடப்புத்தகத்தில் படித்தால் இந்தப் பக்கம் டச்சு, அந்தப் பக்கம் ஸ்பெயின் என்று நேர்கோடு போட்ட மாதிரி இருக்கும். எல்லையோரத்து ஊர்களில் அந்தக் கோடு எடுபடாது. க்ரோலை 1597இல் டச்சுப் படைத் தலைவர் மௌரிட்ஸ் பிடித்தார். 1606இல் எதிர்ப்படைத் தளபதி ஸ்பினோலா திரும்ப ஸ்பெயின் பக்கம் இழுத்தார். அதே ஆண்டு மௌரிட்ஸ் மறுபடி முயன்று தோற்றுத் திரும்பினார். 1627இல் அவர் தம்பி ஃப்ரேடரிக் ஹென்ட்ரிக் வந்து பிடித்தார். முப்பது ஆண்டில் மூன்று தரம் கைமாறிய ஊர். ஒவ்வொரு தரமும் வீட்டுக் கூரைமேல் விழுந்தது பீரங்கிக் குண்டு. எந்த அரசனுடைய குண்டு என்று கூரைக்கு என்ன தெரியும்?

அது மட்டுமில்லை. க்ரூன்லோ பழைய கத்தோலிக்க ஊர். ஜெயித்த தரப்போ புராட்டஸ்டண்ட். 1627க்குப் பிறகு ஊர் நடுவில் இருக்கிற பழைய கலிக்ஸ்டஸ் கோவில் கத்தோலிக்கர் கையைவிட்டுப் போனது. இன்றைக்கும் அது புராட்டஸ்டண்ட் கோவில்தான். கத்தோலிக்கர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்களுக்கென்று ஒரு பெரிய பசிலிக்காவைத் தனியாகக் கட்டிக்கொண்டார்கள், அதுவும் அதே கலிக்ஸ்டஸ் பெயரில். ஆக, நீங்கள் பார்த்த கூட்டத்தில் பலருடைய முப்பாட்டன் தோற்ற பக்கத்துக்காகவே ஜெபம் செய்திருப்பான். தேசத்துக்கு வெற்றி, ஊருக்கு என்ன என்று கேட்டால் ஒரே பதில் வராது.

சின்னவளின்அம்மா எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் ஆர்னமில் இருக்கிறோம், அடுத்த முறை குழந்தைகளோடு போகலாம் என்று எண்ணம். பெரியவனுக்கு ஒன்பது, சின்னவளுக்கு மூன்று. சத்தம் தாங்குமா? தள்ளுவண்டி போகுமா? சாப்பாடு, கழிவறை எல்லாம் எப்படி? அங்கேயும் 1627தானா?

எய்ந்தோவன்வாசி எழுதியது:

கழிவறை இந்த நூற்றாண்டுதான், பயப்படாதீர்கள். வரிசைதான் அந்த நூற்றாண்டு நீளம்.

சத்தம் பெரியவனுக்குப் பிரச்சினை இல்லை. சின்னவளுக்குக் காதுமூடி கட்டாயம். துப்பாக்கிச் சத்தம் பட்டாசு மாதிரி, பழகிவிடும். பீரங்கி அப்படி இல்லை, நெஞ்சுக்கூட்டில் வந்து தட்டும். தள்ளுவண்டி வைக்கோல் தெருவில் தள்ளாடித் தள்ளாடிப் போகும். முகாம் இருக்கிற புல்வெளியில் மழை பெய்திருந்தால் மறந்துவிடுங்கள். நான் ஆபீஸ் ஷூவோடு போய்ச் சேற்றில் ஒரு காலை விட்டேன். கால் மட்டும் வந்தது. பக்கத்தில் நின்ற ஸ்பானியச் சிப்பாய் ஒருவர் தன் வாளின் பிடியால் ஷூவை நெம்பி எடுத்துக் கொடுத்தார்.

சாப்பாடு: பட்டாணி சூப் வாங்குங்கள், கரண்டி நிற்கும் கெட்டி. ஆட்டு உரோமக் கம்பளி போட்ட ஒரு அம்மாள் இரும்புச் சட்டியில் அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்தார். ஒரு தள்ளுவண்டிக் கடையில் மட்டும் சுட்ட தொத்திறைச்சிக்கு என்னிடம் இரண்டு தரம் காசு வாங்கிவிட்டார்கள். கடை எது என்று சொல்லவில்லை, புகையில் எனக்கே தெரியாது. மழைச் சட்டையும் ரப்பர் பூட்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள், அக்டோபர் அக்டோபர்தான்.

முறுக்குமீசை எழுதியது:

எல்லோரும் சிலாகிக்கிறீர்கள். நான் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம், ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டும். போர் என்பது குடும்பத்தோடு போய்ப் பார்க்கிற வேடிக்கையா? ஒரு மாதம் குண்டடிபட்ட ஊர், நானூறு வருஷம் கழித்து அந்தக் குண்டைத் தானே வெடித்துக் காட்டிப் பட்டாணி சூப் விற்கிறது. செத்தவன் எழுந்து தூசி தட்டிக்கொண்டு பீர் குடிக்கப் போகிறான். பிள்ளைகள் அதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்ளும்? வலி இல்லாத போர், துர்நாற்றம் இல்லாத போர்.

துரியோதனன் படுகளம் மாதிரி என்று யாராவது சொல்ல வருவீர்கள். படுகளத்தில் ஒப்பாரி உண்டு ஐயா. திரௌபதி கூந்தல் முடிகிறபோதும் அழுகிறவர்கள் உண்டு. இங்கே யார் அழுதார்கள்?

ஈட்டிக்காரன் எழுதியது:

இந்த இழையை யாரோ அனுப்பித்தான் பார்த்தேன். நான் அந்தக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன். யூட்ரெக்டில் வேலை. வேலையிடத்து நண்பர் ஒருவர் இழுத்துப்போனதில், ஒரு குழுவில் ஈட்டி தூக்குகிறேன், நாலாவது வருஷம் இது. அந்த ஈட்டிக்கு 'பைக்' என்று பெயர். வீட்டில் அம்மாவிடம் 'வார இறுதியில் பைக் எடுத்துக்கொண்டு போகிறேன்' என்று சொன்னபோது ஹெல்மெட் போடச் சொன்னார். போட்டுக்கொண்டுதான் போனேன், இரும்பில்.

பைக் சுமார் 5 மீட்டர் நீளம். எடையைவிட அது ஆடுவதுதான் தொல்லை. காற்றடிக்கிற நாளில் நிமிர்த்திப் பிடித்தால், முனை ஒரு பக்கம் யோசிக்கும், நாம் ஒரு பக்கம் யோசிப்போம். முப்பது பேர் ஒரே நேரத்தில் அதைச் சாய்த்து, திருப்பி, எழுப்ப வேண்டும். ஒருவன் தப்பினால் எதிராளிக்கு ஆபத்தில்லை, பின்னால் நிற்கிற நம் ஆள் மூக்கு போய்விடும். எதிர்ப்படையோடு மோதும்போது முனையை நீட்டிக்கொண்டு ஓடமாட்டோம். ஈட்டியை நிமிர்த்திக்கொண்டு தோளோடு தோள் முட்டுவோம். ஜல்லிக்கட்டு வாடிவாசல் நெருக்கடி மாதிரி இருக்கும், மாடு மட்டும் இல்லை. எதிரணியில் ஒரு கிழவர் எல்லா முறையும் என்னோடு முட்டுகிறார். பல் டாக்டர். முட்டிக்கொண்டே 'போன வாரம் சுத்தம் செய்தாயா?' என்று கேட்பார்.

துப்பாக்கிக்காரர் வேலை இதைவிட நுட்பம். தோள்பட்டையில் குறுக்காக ஒரு வார், அதில் மரக்குப்பிகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வெடிக்கு அளந்த மருந்து. பெரும்பாலும் பன்னிரண்டு இருப்பதால் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்' என்று கேலிப் பெயர். திரி என்பது வெடியுப்பில் ஊறவைத்துக் காயவைத்த கயிறு. மணிக்கு நாலைந்து அங்குலம் எரியும். ஒரு முனை அணைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு முனையும் பற்றவைத்திருப்பார்கள். ஒரு கையில் இரண்டு கங்கு, மறுகையில் மருந்து. யோசித்துப் பாருங்கள். அதனால்தான் துப்பாக்கி கையாள்வதை அசைவு அசைவாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்தார்கள். யாக்கோப் தெ கெய்ன் அதை ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு படமாக வரைந்தார், 1607இல் அச்சாயிற்று. எங்கள் ஆட்கள் இன்றைக்கும் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

முதல் வரிசை சுட்டுவிட்டு இடைவெளி வழியாகப் பின்னால் போகும், இரண்டாவது வரிசை முன்னால் வரும். எய்ந்தோவன்வாசி புகையில் தவறவிட்டது அதைத்தான். இந்தச் சுழற்சியை விளக்கி மௌரிட்ஸுக்கு அவர் மைத்துனர் வில்லெம் லோடவைக் 1594இல் கடிதம் எழுதினார். ரோமாபுரிப் படைகளைப் பற்றிப் படித்ததில் வந்த யோசனை அது. கடிதத்தில் சின்னச் சின்ன எழுத்துகளை வரிசையாகப் போட்டுப் படம் காட்டியிருக்கிறார்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். குண்டு கிடையாது, வெறும் மருந்து. சண்டைக் களத்தில் சலாகையை, அதாவது மருந்தைக் குழலுக்குள் இடித்து இறக்கும் கம்பை, உருவவே மாட்டோம். குழலுக்குள் அதை மறந்துவிட்டுச் சுட்டால் அம்பாகப் பறக்கும். ஆளை நேராகக் குறிவைக்கவும் கூடாது, குழல் மேல்நோக்கி இருக்க வேண்டும். எய்ந்தோவன்வாசி சார், படம் எடுத்திருந்தால் பாருங்கள், எல்லோரும் மேகத்தைச் சுட்டுக்கொண்டிருப்பார்கள்.

முறுக்குமீசை ஐயாவுக்கு: நீங்கள் சொல்வதில் பாதி சரி. நாங்களே எங்களுக்குள் இதைப் பேசிக்கொள்வோம். ஆனால் சண்டை மொத்தமும் ஒரு மணி நேரம்தான். மிச்ச இரண்டு நாளும் முகாம். குளிர், ஈரக் கம்பளி, புகையில் எரிகிற கண், காலையில் உறைந்த ரொட்டி. 1627இன் முற்றுகையும் அப்படித்தான். சண்டையைவிட மண்வெட்டி வேலைதான் அதிகம். ஊரைச் சுற்றி சுமார் 16 கிலோமீட்டருக்கு மண்கரையும் பள்ளமும் வெட்டினார்கள். உள்ளே இருப்பவனை அடைக்க மட்டுமில்லை, வெளியிலிருந்து உதவிக்கு வருகிறவனைத் தடுக்கவும். ஸ்பெயின் பக்கமிருந்து ஹென்ட்ரிக் ஃபன் டென் பெர்க் பெரும் படையோடு வந்தார். அந்தக் கரையை உடைக்க முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால் அவர் ஃப்ரேடரிக் ஹென்ட்ரிக்கின் சொந்த அத்தை மகன். அத்தான் வெளியே, மச்சான் உள்ளே, நடுவில் மண்கரை. ஜூலை 20இல் தொடங்கி ஆகஸ்ட் 19இல் ஊர் சரணடைந்தது.

சின்னவளின்அம்மா எழுதியது:

அத்தான் மச்சான் சண்டைக்கா பதினாறு கிலோமீட்டர் பள்ளம்! எங்கள் குடும்பத்தில் ஒரு வேலிக்கே கோர்ட் வரைக்கும் போனார்கள், அதுவே பரவாயில்லை போல.

நெடுந்தீவான் எழுதியது:

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. இதைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் 1991இல் நெதர்லாந்துக்கு வந்தனான். என் ஊரின் பெயரைக் கேட்ட முதல் டச்சுக்காரர் சிரித்தார். நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் டெல்ஃப்ட். வரைபடத்தில் இன்றைக்கும் அப்படித்தான் கிடக்கிறது. காரைநகர் அவர்களுக்கு ஆம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். நாங்கள் அலுவலகத்தைக் கந்தோர் என்போம், மேசை இழுப்பறையை லாச்சி என்போம். இங்கே மொழி படிக்கப் போன முதல் வாரம் வாத்தியார் 'கந்தோர்', 'லாச்சா' என்று சொல்லித் தந்தபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மகள் பள்ளியில் எண்பதாண்டுப் போர் படித்தாள். அவளுக்காகத்தான் க்ரூன்லோ போனோம். அவள் அங்கே அணிவகுப்பைப் பார்த்துவிட்டு 'அப்பா, கெல்டர்லாந்துக்காரர்' என்றாள். எனக்கு உடனே யாழ்ப்பாணக் கோட்டை நினைவுக்கு வந்தது. அது ஐங்கோணம். ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்தர் தங்கள் மாகாணங்களின் பெயரை வைத்தார்கள். ஒல்லாந்து, ஸேலாந்து, யூட்ரெக்ட், ஃப்ரீஸ்லாந்து, கெல்டர்லாந்து. சின்ன வயதில் கெல்டர்லாந்து கொத்தளத்துக்கு வெளியே நின்று கோட்டையைப் பார்த்தவன் நான். அது ஒரு மாகாணம் என்று அப்போது தெரியாது.

1658இல் அவர்கள் போர்த்துகீசரை முற்றுகையிட்டு அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். போர்த்துக்கல் அறுபது வருஷம் ஸ்பெயின் மன்னருக்குக் கீழே இருந்தபடியால்தான் ஒல்லாந்தரின் பகை எங்கள் கடல்வரைக்கும் வந்து சேர்ந்தது. க்ரோலில் தொடங்கிய சண்டையின் வால் எங்கள் தீவில் கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 1990இல் அதே கோட்டைக்கு இன்னொரு முற்றுகை. உள்ளே இருந்த ஒல்லாந்தர் காலத் தேவாலயம் அந்தச் சண்டையில் இடிந்து போனது.

பீரங்கிக்கு வருகிறேன். முதல் வெடி கேட்டதும் நான் நிலத்தில் இருந்தேன். யோசித்துக் குந்தவில்லை, உடம்பு குந்திவிட்டது. சுற்றி நின்ற சனம் சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஒரு பெண், அந்தக் காலத்து உடுப்பில், என்னைத் தூக்கிவிட்டு முகாமுக்குக் கூட்டிப்போய் ஒரு மர வாங்கிலில் இருத்தினா. கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. உரிக்கிறதுக்குக் கொஞ்சம் வெங்காயம் தந்தா. மகள் சண்டை முடிந்து வரும்வரைக்கும் நான் ஸ்பானிய முகாமில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முகாம் என்ற சொல்லுக்கு என்னிடம் வேறு அர்த்தங்கள் உண்டு. அகதிக்கு வந்தவனை இங்கே முதலில் வைப்பதும் முகாமில்தான். ஆனால் அன்றைக்கு அந்த அடுப்படி எனக்குப் பிடித்திருந்தது.

முறுக்குமீசை அண்ணாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. திரும்பப் போவேனா என்று கேட்டால், முகாமுக்குப் போவேன். கயிற்றருகே நிற்க மாட்டேன்.

முறுக்குமீசை எழுதியது:

நெடுந்தீவான் தம்பி, உங்கள் பதிவை மூன்று தரம் படித்தேன். என்னுடைய 'யார் அழுதார்கள்' என்ற வரி கொஞ்சம் அவசரப்பட்டது. அழ வேண்டிய ஆள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இருந்தாலும் என் ஆட்சேபத்தை முழுசாக வாபஸ் வாங்க மாட்டேன். நானூறு வருஷம் ஆனதால்தானே விளையாட முடிகிறது? இருபது வருஷத்துக்கு முந்திய போரை யாரும் இப்படி நடத்திக் காட்டத் துணிய மாட்டார்கள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு துக்கம் திருவிழாவாகலாம்? ஈட்டிக்காரன் சொல்லட்டும், உங்கள் ஆட்களிடம் இதற்கு ஏதாவது கணக்கு இருக்கிறதா?

ஈட்டிக்காரன் எழுதியது:

கணக்கு இல்லை ஐயா. எங்கள் குழுவிலேயே இரண்டாம் உலகப் போர் உடுப்பு போட மாட்டேன் என்கிறவர்கள் பலர். ஒருவரின் தாத்தா ஆர்னம் பக்கத்தில் அந்தப் போரைப் பார்த்தவர். 'தாத்தா தெரிந்தவர், அவர் தாத்தாவைத் தெரியாது, அங்கேதான் கோடு' என்பார். நல்ல பதில் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதைவிட நேர்மையான பதில் நான் கேட்டதில்லை.

நெடுந்தீவான் அண்ணா, உங்களைத் தூக்கிவிட்டவர் யார் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். வெங்காயம் கொடுத்தார் என்றதுமே தெரிந்துவிட்டது. யார் வந்தாலும் கையில் வெங்காயத்தைத் திணிப்பார். எனக்கும் முதல் நாள் அதுதான். என் நிறத்தில் ஒருவன் டச்சுப் படையில் எப்படி என்று பார்வையாளர் ஒருவர் கேட்டதற்கு, நான் வாய் திறக்கும் முன் அவர்தான் பதில் சொன்னார்: 'இந்தப் படையில் ஆங்கிலேயன், ஸ்காட்லாந்துக்காரன், பிரெஞ்சுக்காரன் எல்லாம் கூலிக்கு நின்றான், டச்சுக்காரனைத்தான் தேட வேண்டும்.' மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை. லீஃபெல்டே பக்கத்தில் முற்றுகைக் கரையின் ஒரு மிச்சத்துக்கு இன்றைக்கும் 'ஆங்கிலேயர் அரண்' என்றுதான் பெயர். அதை மண்ணைக் குவித்துத் திரும்ப எழுப்பி வைத்திருக்கிறார்கள். நீங்கள் இறங்கிய ரயில் நிலையத்துக்குக் கிட்டத்தான், எய்ந்தோவன்வாசி சார். மழையில் ஊர்ப் பக்கம் ஓடியிருப்பீர்கள்.

எய்ந்தோவன்வாசி எழுதியது:

ஓடினேன். பக்கத்திலேயே இருந்ததா? வயிற்றெரிச்சல்.

கோட்டைக்கிறுக்கு எழுதியது:

கெல்டர்லாந்து பேச்சு வந்ததால் சேர்க்கிறேன். நம் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது, பழவேற்காட்டில். ஒல்லாந்தர் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை, அதே மாகாணத்தின் பெயர். அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை வைத்து, ஜாவாவில் இருந்த பத்தாவியா வரைக்கும் மருந்து அனுப்பினார்கள். இன்றைக்குக் கோட்டை இருந்த இடம் முள்ளுக்காடு. கல்லறை மட்டும் பத்திரமாக இருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். போன மாதம் போனேன், ஆடு மேய்க்கிற பையன் ஒருவன் எலும்புக்கூட்டின் தலையில் துண்டைக் காயப்போட்டிருந்தான்.

இன்னொன்று. க்ரோல் முற்றுகையைப் பற்றி லத்தீனில் விரிவாக எழுதியவர் ஹூகோ க்ரோஷியஸ், சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று படிக்கிறோமே அவரேதான். 1621இல் சிறையிலிருந்து புத்தகப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு தப்பித்த ஆள். பாரிஸில் நாடுவிட்டு வாழ்ந்தபோது எழுதி, 1629இல் வெளியிட்டார். தன்னைச் சிறையில் போட்ட மௌரிட்ஸின் தம்பி ஜெயித்த கதையை ஏன் புகழ்ந்து எழுதினார்? ஊர் திரும்ப வழி பிறக்குமா என்ற நப்பாசையாக இருக்கலாம் என்பது என் ஊகம். 1631இல் திரும்பிப் பார்த்தார், மறு ஆண்டே மறுபடி ஓட வேண்டியதாயிற்று.

அந்த முற்றுகையில் கோட்டைக்குள் இருந்த தளபதி மாத்தைஸ் ஃபன் டுல்கன். சரணடைந்த பிறகு அவர் படையைக் கொல்லவில்லை, மரியாதையோடு வெளியேற விட்டார்கள். வெளியே வென்ற பக்கத்திலும் சாவு இல்லாமல் இல்லை. மௌரிட்ஸின் மகன்களில் ஒருவரான வில்லெம், கடற்படையில் பெரிய பதவியில் இருந்தவர், சரணுக்கு முந்தின நாள் ஆகஸ்ட் 18இல் அந்தப் பள்ளத்தில்தான் செத்தார். ஒரு நாள் பொறுத்திருந்தால் பிழைத்திருப்பார்.

முறுக்குமீசை எழுதியது:

இதையெல்லாம் அந்தத் திருவிழாவில் சொல்கிறார்களா? வில்லெம் செத்ததை?

ஈட்டிக்காரன் எழுதியது:

ஒலிபெருக்கியில் ஒருவர் சண்டை நடக்க நடக்க விளக்கம் சொல்வார். புகையில், சத்தத்தில், பாதி காதில் விழாது. களத்தில் விழுகிற வேலை எனக்கும் வருவதுண்டு. யார் எப்போது சாவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வோம். குளிர்கிற நாளில் எல்லோருக்கும் சீக்கிரம் சாக ஆசை, விழுந்த இடத்தில் கிடந்தால் போதுமே என்று. அப்படி நினைத்து ஒரு முறை முதல் வெடியிலேயே விழுந்தேன். தேங்கிய தண்ணீரில். நாற்பது நிமிடம்.

அங்கே கிடக்கும்போது ஒரு சிறுவன் கயிற்றுக்கு அப்பாலிருந்து தன் அம்மாவிடம் 'அந்த மாமா எழுந்திருப்பாரா?' என்று கேட்டது கேட்டது. அம்மா உடனே பதில் சொல்லவில்லை. 'நாளைக்கு எழுந்திருப்பார்' என்றார் கொஞ்சம் கழித்து. அந்த இடைவெளி எனக்கு நினைவில் நிற்கிறது.

சின்னவளின்அம்மா எழுதியது:

சரி, போவது என்று முடிவாகிவிட்டது. நெடுந்தீவான் அண்ணா, நீங்கள் அடுத்த முறை போவதாக இருந்தால் சொல்லுங்கள். சின்னவளை பீரங்கிப் பக்கம் விட எனக்கும் மனசில்லை. அவர்கள் சண்டை பார்க்கட்டும், நான் சின்னவளோடு உங்கள் முகாமுக்கு வருகிறேன்.

பெரியவன் ஈட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நடக்குமா?

ஈட்டிக்காரன் எழுதியது:

காலையில் சண்டைக்கு முன்னால் முகாமுக்குக் கூட்டி வாருங்கள். நான் அடியைப் பிடித்துக்கொள்கிறேன், அவன் நடுவைப் பிடிக்கட்டும். கூடாரத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், போன முறை ஒரு பையன் சமையல் கூடாரத்தில் ஓட்டை போட்டுவிட்டான், இன்னும் ஒழுகுகிறது.

நெடுந்தீவான் எழுதியது:

வாருங்கள் தங்கச்சி. ஒரு நல்ல கத்தி கொண்டு வாருங்கள். அவையின்ட கத்தி எல்லாம் மொட்டை.